“பையன் என்ன வாங்குதான்?”: லிங்க்ட்இன் பற்றி நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடி பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு முன் சென்னையில் எட்டு வருஷம். நாள் முழுக்க அடுத்தவர்களின் வேலை வரலாற்றைப் படிக்கிறவன் என்பதால் சொந்தக்காரப் பிள்ளைகளில் ஆரம்பித்து ஜங்ஷன் டீக்கடையில் பார்க்கிறவர் வரை என்னிடம் லிங்க்ட்இன் பற்றிக் கேட்கிறார்கள். லிங்க்ட்இன்னை ஒழுங்காகப் பார்த்தால் வெற்றி பற்றிய நம் பார்வையே மாறும் என்று அவர்களிடம் நான் சொல்வதுண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை யாராவது கேட்டால் இதை அனுப்பிவிடலாம் என்ற சுயநலமும் உண்டு.

லிங்க்ட்இன் என்றால் என்ன? வேலை தேடுகிற இடமா, ஃபேஸ்புக் மாதிரியா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். வயதில் ஃபேஸ்புக்குக்கு மூத்தது. 2003 மே மாதம் ஆரம்பித்தார்கள். 2016ல் மைக்ரோசாஃப்ட் 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இன்று 100 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன. அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில்தான் அதிகம். 16 வயதானால் சேரலாம். காசு கட்டுகிற பிரீமியமும் உண்டு, ஆரம்பத்தில் அது தேவையே இல்லை.

ஒருவர் எந்த வருஷம் எங்கே என்ன வேலை பார்த்தார் என்பதை அவரே வரிசையாக எழுதி வைத்திருப்பார் என்பதுதான் இதில் எனக்கு முக்கியம். மற்ற இடங்களில் ஆளின் முகம் தெரியும், சாப்பிட்டது தெரியும், சுற்றுலா போனது தெரியும். வந்த வழி தெரியாது.

வேலை கிடைக்க உதவும், சரி. வெற்றி பற்றிய பார்வையே மாறும் என்கிறீர்களே, அது எப்படி?

நம் பக்கத்தில் மூன்று கேள்வியில் மார்க் போட்டுவிடுவார்கள். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வருவதற்குள் ஆகிவிடும். “பையன் எங்க இருக்கான்? என்ன கம்பெனி? என்ன வாங்குதான்?” ஊர் எவ்வளவு தூரமோ அவ்வளவு மார்க். வள்ளியூரைவிடச் சென்னை மேல், சென்னையைவிடச் சிங்கப்பூர் மேல். கவர்மென்ட் வேலை மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது முக்கூடலில் இருந்தாலும் முழு மார்க்.

நானும் இந்த மார்க் ஷீட்டோடு வளர்ந்தவன்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது எனக்குத் தெரிந்த வேலைகள் பத்து இருக்குமா? டாக்டர், இன்ஜினியர், வாத்தியார், வக்கீல், போலீஸ், பேங்க், அப்புறம் ‘ஐ.டி.’, ‘வளைகுடா’. மகேந்திரகிரியில் ராக்கெட் இன்ஜினைச் சோதிக்கிறார்கள், கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலை கட்டுகிறார்கள், பணகுடி போகிற வழியெல்லாம் காற்றாலை சுற்றுகிறது. எல்லாம் எங்கள் மாவட்டம்தான். ஆனால் அந்த வேலிக்குள் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ‘உள்ள சயின்டிஸ்ட் இருப்பாங்க’ என்பதோடு சரி. அணுமின் நிலையத்தில் தண்ணீரின் ரசாயனத்தை மட்டுமே கவனிக்கிறவர் உண்டு. காற்றாலையின் இறக்கையில் கயிற்றில் தொங்கிக்கொண்டு விரிசலை அடைக்கிறவர் உண்டு. மைனஸ் நூற்றைம்பது டிகிரிக்கும் கீழே குளிர்ந்த திரவத்தைக் குழாயில் கொண்டுபோவது ஒருவருக்கு முழுநேர வேலை. இதையெல்லாம் நான் முப்பது வயதில் லிங்க்ட்இன்னில்தான் தெரிந்துகொண்டேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நீங்களும் செய்து பார்க்கலாம். உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் முன்னாள் மாணவர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். அங்கே படித்தவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எந்தத் துறையில், என்ன படித்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். ‘விலங்கியல்’ என்று போட்டுத் தேடுங்கள். பி.எஸ்சி. விலங்கியல் படித்தால் பி.எட். படித்து டீச்சராவதுதான் வழி என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். மருத்துவக் குறியீட்டு (மெடிக்கல் கோடிங்) வேலை, மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவுசெய்து ஆராயும் வேலை, இறால் பண்ணை ஆலோசனை என்று ஏழெட்டு வழிகள் கண்ணில் படும். தமிழ் இலக்கியம் படித்தவர்கள் செல்போன் செயலிகளைத் தமிழாக்கும் வேலையில் இருப்பார்கள்.

அதைவிட முக்கியம், அவர்களின் நடு வருஷங்கள். இன்று பெரிய பொறுப்பில் இருக்கும் ஒருவரின் பக்கத்தைக் கீழே வரை படித்தால், மூன்று வருஷம் மருந்துக் கம்பெனி பிரதிநிதியாக அலைந்திருப்பார், ஒரு வருஷம் ஒன்றுமே இருக்காது, சம்பந்தமில்லாத வேலை ஒன்றில் எட்டு மாதம் இருந்திருப்பார். ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அவர் கடைசியில் போய் உட்கார்ந்த இடம் மட்டும்தான் தெரியும். வளைந்து நெளிந்து வந்த பாதையை ஒரு ஐம்பது பேரிடம் பார்த்துவிட்டால், உங்கள் சொந்தப் பாதையின் வளைவு அவ்வளவு அவமானமாகத் தெரியாது. எனக்கு அப்படித்தான் ஆனது.

எனக்கு நண்பர்கள் நிறைய. தெரியாதவர்களோடு தொடர்பு எதற்கு?

உங்கள் நண்பர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும் என்பதால்தான். ஒரே வகுப்பு, ஒரே கம்பெனி, ஒரே வாட்ஸப் குரூப். ஓர் இடத்தில் ஆள் தேவை என்ற செய்தி வந்தால் அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும். வராவிட்டால் எல்லோருக்குமே வராது.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973லேயே இதை எழுதினார். பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் புது வேலை பெற்றவர்களிடம், “அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?” என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 17 சதவீதம்கூட இல்லை. எப்போதாவது என்றவர்கள் ஏறக்குறைய 56 சதவீதம், அபூர்வமாக என்றவர்கள் 28. லிங்க்ட்இன்னிலேயே இதைச் சோதித்த ஓர் ஆய்வு 2022ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள், 5 வருஷம். ‘இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று காட்டும் பட்டியலைச் சிலருக்கு ஒரு மாதிரியும் சிலருக்கு வேறு மாதிரியும் மாற்றிப் பார்த்தார்கள். (தங்களை வைத்துச் சோதனை நடப்பது அவர்களுக்குத் தெரியாது. அதற்கு விமர்சனமும் வந்தது.) நெருங்கிய நண்பரைவிட, ஓரளவு மட்டும் தெரிந்தவர்கள் மூலம் வேலை மாறுவது அதிகம் நடந்தது. ஒரு விஷயம் கவனியுங்கள்: கம்ப்யூட்டரை நம்பி நடக்கும் துறைகளில்தான் இப்படி. அது குறைவாக உள்ள துறைகளில் நெருங்கியவர்களே அதிகம் உதவினார்கள். ஆகவே பாத்திரக் கடை, லாரி ஆபீஸ், கட்டட வேலை என்றால் மாமா மச்சான் போனுக்கு இன்னும் மதிப்பு உண்டு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2020ல் சென்னைக் கம்பெனியில் எங்கள் பிரிவையே மூடினார்கள். காலை பதினொரு மணிக்கு ஒரு வீடியோ கால், பன்னிரண்டு மணிக்கு மெயில் திறக்கவில்லை. என் உயிர் நண்பர்கள் நாலு பேர். நாலு பேரும் அதே பிரிவு. ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டோம், வேறென்ன செய்ய? எனக்கு வழி காட்டியவர், இரண்டு வருஷம் முன்பு ஒரு பயிற்சி வகுப்பில் இரண்டே நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கோயம்புத்தூர்க்காரர். இனிஷியல்கூட ஞாபகமில்லை. லிங்க்ட்இன்னில் கனெக்ஷனாக இருந்ததால் என் நிலைமை அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

திறந்தாலே மனசு கஷ்டமாகிறது. எல்லாரும் ஜெயிக்கிறார்கள், நான் மட்டும் அப்படியே இருக்கிறேன். என்ன செய்ய?

இந்தக் கேள்வியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். கல்யாண வீட்டு மாமாவிடமிருந்து தப்பித்து லிங்க்ட்இன்னுக்கு வந்தால், இங்கே ஆயிரம் மாமாக்கள். “பெருமையுடன் அறிவிக்கிறேன்”, “புதிய பயணம் தொடங்குகிறது”, மாலை போட்ட போட்டோ, கண்ணாடிக் கோப்பை. பந்தியில் அடுத்த இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் நம் இலையில் இருக்கிற சொதி ஆறிப்போகும்.

ஆள் எடுக்கிறவன் என்ற முறையில் சில ரகசியம் சொல்கிறேன். வெளிநாட்டு வங்கிகளில் ‘வைஸ் பிரசிடென்ட்’ என்பது நடுத்தரப் பதவி. அவருக்குக் கீழே ஓர் ஆள்கூட இல்லாமல் இருக்கலாம். சம்பளம் கூட்டிக் கொடுக்க முடியாத வருஷம் பதவிப் பெயரை மட்டும் கூட்டிக் கொடுக்கிற வழக்கமும் உண்டு. ‘புதிய பயணம்’ என்று எழுதுகிறவர் பழைய பயணத்திலிருந்து இறக்கிவிடப்பட்டவராக இருக்கலாம். நானே அப்படி எழுதியவன்தான். 2020 அக்டோபரில் “சொந்த ஊரிலிருந்து ஒரு புதிய அத்தியாயம்” என்று போட்டேன். முந்நூறு லைக். அன்று ராத்திரி வீட்டு லோன் தவணைக்கு அப்பாவிடம் பணம் கேட்டதை யாரும் அந்தப் போஸ்ட்டில் படித்திருக்க முடியாது.

கைமருந்து ஒன்று உண்டு. ஒருவரின் போஸ்ட் உறுத்தினால் அவரைத் தொடராமல் விட்டுவிடலாம். கனெக்ஷன் அப்படியே இருக்கும், அவருக்குத் தெரியவும் தெரியாது. போஸ்ட் ஓடுகிற முதல் பக்கத்தையே நான் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஆட்களின் பக்கத்துக்கு நேராகப் போய் வேலை வரலாற்றைப் படிப்பேன். அதுவும் போதவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் ஒரு மாதம் செயலியைத் தூக்கிப் போடுங்கள். கம்பெனிகள் எங்கேயும் ஓடிவிடாது.

ஊரிலேயே இருக்க ஆசை. சென்னை போகாதவன் தோற்றவனா?

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனி வந்த பிறகு இந்தக் கேள்வியின் தொனியே மாறிவிட்டது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடிவந்து, அங்கிருந்தே கம்பெனியை நடத்தியதை எல்லோரும் பார்த்தோம். (ஜோஹோ வந்தபோது அது நெல்லை மாவட்டம், 2019 நவம்பரில்தான் தென்காசி தனி மாவட்டம் ஆனது.) கங்கைகொண்டானில் சிப்காட், சோலார் செல் தொழிற்சாலை, எல்காட் ஐ.டி. பூங்கா என்று இருக்கின்றன. இதை வைத்து ‘எல்லாருக்கும் ஊரிலேயே வேலை’ என்று சொன்னால் அது பொய். இன்னும் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ஸும் ஆம்னி பஸ்களும் நிறைந்துதான் போகின்றன.

லிங்க்ட்இன் இங்கே செய்வது இவ்வளவுதான்: ஊரில் இருந்துகொண்டே நல்ல வேலை பார்க்கிறவர்கள் யார் யார் என்று தேட முடிகிறது. இருப்பிடம் ‘திருநெல்வேலி’ என்று போட்டுத் தேடுங்கள். நான் திரும்பி வந்த புதிதில் அப்படித் தேடியபோது என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஜெர்மனிக் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கும் பெண் ஒருவர் இருப்பது தெரிந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கே அது தெரியாது. எனக்கும் அதே நிலைமைதான். எதிர்வீட்டு ஆச்சி போன வாரம்கூட அம்மாவிடம் விசாரித்தாள்: “தம்பிக்கு இன்னும் ஒண்ணும் சரியா அமையலையோ? பகல்லயும் வீட்லயே கெடக்கானே.”

இங்கிலீஷ் சரியாக வராது. நான் என்ன எழுதுவது?

குறைவாக எழுதுங்கள். பெயருக்குக் கீழே ஒரு வரி எழுத இடம் இருக்கும், 220 எழுத்து. அதில் ‘கனவுகளைத் துரத்தும் ஆர்வமிக்க இளைஞன்’ என்கிற ரகத்தை இங்கிலீஷில் எழுதாதீர்கள். தினமும் நூறு கனவுத் துரத்திகளைத் தாண்டிப் போகிறேன். ‘காற்றாலைப் பராமரிப்பு, 6 வருஷம், ராதாபுரம்’ என்று இருந்தால் நின்று படிப்பேன். என்ன மெஷின், எத்தனை பேர் குழு, எதைப் பழுது பார்த்தீர்கள் என்று நாலு வரி போதும், இலக்கணம் கொஞ்சம் தவறினாலும் பரவாயில்லை. தமிழிலும் எழுதலாம். ஆனால் வேலை கொடுக்கிறவர் தேடுவது பெரும்பாலும் இங்கிலீஷ் சொல்லை வைத்துத்தான், அதனால் வேலையின் பெயராவது இங்கிலீஷில் இருக்கட்டும்.

முன்பின் தெரியாத பெரிய ஆளுக்கு எப்படி எழுத? ‘சார்’ போடலாமா?

தாராளமாகப் போடுங்கள். ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று ஆரம்பித்து அரைப் பக்கம் குடும்பக் கஷ்டம் எழுதுவதும், ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதும்தான் வேலைக்கு ஆகாது. வேலை கேட்டு எழுதினால் பதில் வருவது அபூர்வம். அவர் கையில் வேலை இருக்காது, இல்லை என்று சொல்லச் சங்கடப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு நல்ல மெசேஜ் ஏறக்குறைய இப்படி இருந்தது:

“வணக்கம் அண்ணாச்சி. நான் பேட்டை. நீங்கள் படித்த அதே கல்லூரியில் பி.காம். கடைசி வருஷம். நீங்கள் கணக்கு வேலையிலிருந்து ஆள் எடுக்கும் வேலைக்கு மாறியிருக்கிறீர்கள். மாறும்போது தனியாக ஏதாவது கோர்ஸ் படித்தீர்களா? அது மட்டும் தெரிந்தால் போதும்.”

என் பக்கத்தைப் படித்திருக்கிறான், ஒரு நிமிஷத்தில் பதில் சொல்ல முடிகிற கேள்வி, ஊர் பாசமும் அளவாக. அன்றே போனில் பேசினோம். பதில் வந்தால் நன்றி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்றும் ஒரு வரி சொல்லுங்கள். அதைச் செய்கிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை என்பது என் அனுபவம்.

படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் போடலாமா?

வேலை தேடுகிறேன் என்பதற்கான அடையாளம் அது. ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரியும் வைக்கலாம், அப்போது வளையம் வராது. இப்போது வேலையில் இருந்தால் அதுதான் உசிதம். உங்கள் கம்பெனி ஆள் எடுப்பவர்களுக்குக் காட்டாமல் இருக்க முயற்சி எடுக்கிறோம் என்று லிங்க்ட்இன் சொல்கிறதே தவிர, உத்தரவாதம் தரவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து கேட்கிறேன். குழந்தைகளுக்காக ஏழு வருஷம் வேலைக்குப் போகவில்லை. அந்த இடைவெளியை எப்படி மறைப்பது?

மறைக்க வேண்டாம் அக்கா. 2022லிருந்து லிங்க்ட்இன்னிலேயே ‘பணி இடைவேளை’ என்று காட்ட வசதி உண்டு: குழந்தை வளர்ப்பு, பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது, உடல்நிலை என்று காரணமும் போடலாம். வெற்று இடத்தைப் பார்த்தால் ஆள் எடுப்பவர் தாமாக ஏதாவது கற்பனை செய்வார். காரணம் எழுதியிருந்தால் அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்த ஏழு வருஷத்தில் கடைக் கணக்கு எழுதியிருந்தால், டியூஷன் எடுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். ‘அதெல்லாம் வேலையா’ என்று நம் பெண்கள் தாங்களே அடித்து நீக்கிவிடுவார்கள். டி.என்.பி.எஸ்.சி.க்கு நாலு வருஷம் படித்துக்கொண்டிருந்த தம்பிகளுக்கும் இதே பதில்.

எங்களுக்குப் பத்தமடையில் பாய் வியாபாரம். எங்களுக்குப் பயன்படுமா?

கொஞ்சம்தான். ஒற்றைப் பாய் விற்க வாட்ஸப்பும் இன்ஸ்டாகிராமும் போதும். மொத்தமாக எடுக்கிற ஹோட்டல்கள், உள் அலங்காரம் செய்பவர்கள், ஏற்றுமதி செய்பவர்கள் வேண்டுமென்றால் அவர்களின் கொள்முதல் ஆட்களை இங்கே பெயரோடு பிடிக்கலாம்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, மாதம் ஒரு லட்சம் என்று மெசேஜ் வந்திருக்கிறது. போகலாமா?

போகாதீர்கள். இப்படிப் போனவர்களை மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் லாவோஸுக்கும் கடத்திப்போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, இணைய மோசடி செய்ய வைத்திருக்கிறார்கள். நம் மாநிலத்துப் பிள்ளைகளும் மாட்டி மீண்டிருக்கிறார்கள். வளைகுடா என்றாலும் சரி, ஐரோப்பா என்றாலும் சரி, ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான். ‘டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். இணையத்தில் பணம் ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்கு அடியுங்கள். லிங்க்ட்இன்னில் இருப்பதாலேயே ஒருவர் யோக்கியர் ஆகிவிட மாட்டார். போன மாதம் திறந்த கணக்கு, பதினைந்து கனெக்ஷன், சினிமா நடிகை மாதிரிப் படம் என்றால் விலகிவிடுங்கள்.

அப்பா இதையெல்லாம் நேரத்தைக் கொல்லும் வேலை என்கிறார். எப்படிப் புரிய வைப்பது?

விளக்கம் சொல்லி நான் ஜெயித்ததில்லை. என் அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியார். அவருக்கு மாணவர்கள் இரண்டு ரகம்: கணக்கு வந்தவன், வராதவன். போன பொங்கல் லீவில், சும்மா இருக்கட்டுமே என்று என் லேப்டாப்பை அவர் முன்னால் வைத்து, அவருடைய பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் அடித்துக் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டேன். பத்தரை மணிக்கு இறங்கி வந்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

“ஏல, இவனைப் பாரு. மூணு தடவை பெயிலுல்லா ஆனான்! துபாய்ல துறைமுகத்துல குளிர்பதனக் கிட்டங்கி பூரா இவன் பொறுப்பாம்.”

அந்த ஆளின் பக்கத்தை அடிவரை நகர்த்திக் காட்டினேன். ஐஸ் பேக்டரி, மீன் கம்பெனி, தூத்துக்குடி, கொச்சி, மஸ்கட். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இவனுக்கு ஒரு கடிதம் எழுதணும்னா எங்கல அமுக்கணும்?”